தானாக வரும் தண்ணீர்

என்னங்க,

போனில் பேசினால் பிள்ளைகள் காதில் விழும் என்றுதான் எழுதுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை. மாதக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டெஸ்ட், அவ்வளவுதான்.

அதற்குள் பிள்ளைகளை வீட்டு வேலைக்குப் பழக்கிவிட வேண்டும் என்று ஒரே பதைப்பு. டில்லி ஜனக்புரித் தண்ணீர் உங்களுக்குத் தெரியாததா? விடிகாலையில் எழுந்து மோட்டார் போடாவிட்டால் மாடித் தொட்டிக்கு ஏறாது. "தொட்டி எப்படிடா நிறையுது?" என்று நிகிலிடம் கேட்டேன். "அது அப்னே ஆப் வரும்மா" என்றான். தானாக வருமாம்! எனக்கு வந்ததே ஆத்திரம். மறுநாள் வேண்டுமென்றே படுத்துக் கிடந்தேன். அக்காவும் தம்பியும் பல் தேய்க்கும்போதே குழாய் நின்றுவிட்டது. வாயில் நுரையோடு என் கட்டிலருகே வந்து நின்றார்கள். "இந்த வீட்டுல தானா எதுவும் நடக்காது" என்றேன்.

அன்றிலிருந்து தாரிணிதான் மோட்டார் போடுகிறாள். நிகில் துணி மடிக்கிறான், பால் பொங்காமல் பார்த்துக்கொள்கிறான். முன்பு கண்ணில் படாததெல்லாம் இப்போது படுகிறது.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நேற்று தாரிணி என் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு, "ஏம்மா எல்லாத்தையும் இடது கையாலயே தூக்கறே?" என்றாள்.

"லேசா வலி. தானா சரியாயிடும்டி."

"தானா எதுவும் நடக்காதுன்னு நீதானே சொன்னே?"

அந்த டெஸ்ட் வலது கை வலிக்குத்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்ல? யூனிட்டில் மேஜரிடம் லீவு கேட்டுப் பாருங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி