இடிக்குப் பயந்து அப்பாவிடம் ஒதுங்குகிறவர்கள்

கிள்ளான், மலேசியா,
வியாழக்கிழமை

அன்பு ரிஷி,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்றுதான் எழுத வேண்டும், உன் அப்பா விஷயத்தில் அதற்கு உத்தரவாதம் தர முடியவில்லை. நீ டப்ளினில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அதனால் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் மாதம் திடலில் கம்பி வேலியில் சாய்ந்திருந்தபோது மின்னல் தாக்கி இரண்டு நாள் வார்டில் கிடந்தாரே, அப்போது தைரியம் சொல்வதற்காக நீ ஒரு கணக்குச் சொன்னாய். ஒருவரை மின்னல் தாக்குவதே பல இலட்சத்தில் ஒன்று, அதே ஆளை இரண்டு தடவை தாக்குவது பல கோடியில் ஒன்று என்று. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் சொன்னது அல்லவா, இனிமேல் தன்மேல் இடி விழாது என்று எழுதிக் கொடுத்த பத்திரமாக அதை எடுத்துக்கொண்டார். வலது காது இன்னும் இரைகிறது, ஆனாலும் சனிக்கிழமை நாலரைக்குப் பூட்ஸை மாட்டிக்கொண்டு பந்து விளையாடக் கிளம்பிவிடுகிறார். கிள்ளானில் அந்த நேரத்துக்கு வானத்திலிருந்து என்ன வரும் என்று உனக்கே தெரியும்.

அவர் மட்டும் நம்பினால் பரவாயில்லை, குழு முழுக்கப் பரப்பிவிட்டார். போன சனிக்கிழமை வானம் இருண்டதும் அவரைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு போனேன். நடுத் திடலில் அப்பா நிற்கிறார், அவரைச் சுற்றி ஏழு தொப்பைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எல்லாரையும் காருக்குள் வரச் சொன்னேன். ஜெயராஜ் அங்கிள், முப்பது வருடம் பள்ளியில் அறிவியல் கற்பித்த மனிதர், "பயப்படாதம்மா, முகுந்தன் பக்கத்துல நின்னா சேஃப் லா, இவனுக்கு விழ வேண்டியது விழுந்திருச்சு" என்றார். முன்பு யாரைத் தொட்டோம் என்ற ஞாபகமெல்லாம் மின்னலுக்குக் கிடையாது என்று கத்தினேன். பல இலட்சத்தில் ஒன்று என்பது வீட்டுக்குள் படுத்திருப்பவர்களையும் சேர்த்துச் சொல்வது, இடி இடிக்கும்போது வெட்டவெளியில் நிற்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்றும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் திடலோரத்து விளக்குக் கம்பத்தில் இடி இறங்கியது. அந்த ஏழு பேரும் ஓடிய வேகத்தை நான் எந்த ஆட்டத்திலும் பார்த்ததில்லை. ஜெயராஜ் அங்கிள் என் பின்சீட்டில் மூன்று பேர் மடியில் விழுந்தார். அப்பா மட்டும் நகரவில்லை. கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன். அவருக்குக் காலை எடுத்து வைக்கவே வரவில்லை, இழுத்துத்தான் கொண்டுவந்தேன். மற்றவர்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு மெதுவாகக் கேட்டார், "லோகா, பையன் சொன்ன கணக்கு சரிதானே?"

மார்ச்சிலிருந்தே பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார், ரிஷி. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் அங்கே போய் நிற்கிறார். நாளை மறுநாளும் போவார். அதனால் நீ கணக்கைத் திருத்தி எதையும் அனுப்பாதே, அதற்கும் ஒரு வியாக்கியானம் வைத்திருப்பார். போன் செய்து, எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா, மழை வந்தால் திடலில் நிற்காதீர்கள் என்று மட்டும் சொல். நான் சொன்னால் அது தொணதொணப்பு. தன் பயத்துக்காக வீட்டில் உட்கார அவருக்கு வெட்கம். உன் பயத்துக்காக என்றால், மகன் விடமாட்டேன் என்கிறான் என்று குழுவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே உட்காருவார்.

எந்தக் கணக்குக்கும் அடங்காத ஆயுளோடு நீ நன்றாக இரு. சனிக்கிழமை இங்கே நாலு மணிக்கு முன்னால் கூப்பிடு, உனக்கு அது காலை நேரம், விடுமுறை என்று தூங்கிவிடாமல் அலாரம் வைத்துக்கொள்.

அன்புடன் அம்மா,
லோகேஸ்வரி