பசறை ரோட்டில் விக்காத குரல்

மச்சான், நேற்று பசறை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போனில் பாட்டு ஓடியது. பதுளை வரைக்கும் அத்தனை குழியிலும் ஒரு தடவைகூட விக்கி நிற்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு உன் நினைப்புதான். எழுத்துத் தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நம் தேயிலைக் கொழுந்து லொறிக்கு நீ டிரைவர், நான் கிளீனர். குவைத்திலிருந்து உன் மகள் சீடி பிளேயர் அனுப்பியதும் அதை லொறியின் முன்பலகையில் வைத்தாய். தோட்டத்துக் கேட்டைத் தாண்டும் முன்பே பாட்டு விக்கியது. "குலுங்கினாலும் நிக்காதுன்னு பொட்டியில போட்டிருக்காமே, பொய்யா?" என்று பதுளையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாய்.

அவர் சிரித்தார். "அண்ணே, அது கொஞ்சம் பாட்ட முன்னாலயே எடுத்து வச்சுக்கும். குலுங்கையில அதுல இருந்து குடுக்கும். குலுக்கல் நின்னாத்தான் திரும்ப நெரப்பும்."

"நம்ம ரோட்டுல குலுக்கல் எங்கங்க நிக்கிது?"

திரும்பும் வழியில் நான் அதை வாங்கி, நிறைந்த வாளியைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். வளைவில் உடம்பு ஆடியது, கை ஆடவில்லை. பாட்டு ஒழுங்காக ஓடியது. "அடேய், நீ கிளீனர் இல்ல, லொறிக்கு அஞ்சாவது ஸ்பிரிங்கு!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாய்.

பிறகு உனக்கு நெஞ்சுவலி வந்த காலை. வேறொருவர் லொறியை ஓட்ட, நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். மகள் பேசி அனுப்பிய சீடியைப் போடச் சொன்னாய். ஒரு இயர்போன் உன் காதில், மற்றது என் காதில்.

"புள்ள பேச்சு நிக்காமப் பாத்துக்கடா. அது நின்னா நானும் நின்னுருவேன்."

"வாய மூடிக்கிட்டு கேளு."

வளைவுக்கு வளைவு என் முதுகு கதவில் மோதியது. மோதட்டும் என்று விட்டேன். பிளேயரை ஏந்திய கையை மட்டும் எதிலும் படவிடவில்லை. "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று அவள் கேட்க, "போட்டேன்மா" என்று நீ பதில் சொன்னாய். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலோடு வந்தவர்களிடம், "இருங்க, புள்ள இன்னும் பேசி முடிக்கல" என்றாய். அங்கேயே எனக்குத் தெரியும், நீ பிழைத்துவிடுவாய் என்று.

பிழைத்து வந்தாய், பல வருஷம் லொறியும் ஓட்டினாய். கேட்டவர்களுக்கெல்லாம் "டாக்டர் பாதி, இவன் கை பாதி" என்றாய். போன மழைக்குத்தான் போய்ச் சேர்ந்தாய்.

நேற்று வளைவு வந்ததும் என் இரண்டு கையும் தானாக மடியைவிட்டு எழும்பின. ஏந்த ஒன்றுமில்லை. முழங்கால் நடுங்குகிற வயது எனக்கு. கை அசையவில்லை, மச்சான்.