தரை தாங்காது

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று உன் கட்டட ஆபீஸ் இன்ஜினியர் சொன்னார். எந்த ஊரில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தால் யாராவது என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்கள். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

மீன்தொட்டி விழுந்துவிட்டது. மூன்று வாரம் ஆகிறது. மாடிப் பலகைத் தரையோடு பிய்த்துக்கொண்டு கீழே என் கட்டில் மேல் விழுந்தது. நான் கட்டிலில் இல்லை. என் மகன் உயிரோடு இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ பொறுமையாகப் படிப்பாய்.

தொட்டி வந்த அன்று நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "தண்ணி, கண்ணாடி, கல்லு, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல வருதுங்க. ஒரு காரைக் கொண்டாந்து நடுக்கூடத்துல நிறுத்துற மாதிரி. சுவரோரமா, உத்திரங்களுக்குக் குறுக்கால வைங்க. அப்பவும் கீழ முட்டுக் கொடுக்கணும்." பலகையில் ஆணி வரிசையைப் பார்த்து, அடியில் உத்திரம் எங்கெங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினாய். நாலு பக்கமும் சுற்றிப் பார்க்கிற மாதிரி நடுவில்தான் வேண்டும் என்றான். நீ குனிந்து மூன்றாவது கோடு போடும்போது உன் கையை ஷூக்காலால் மிதித்தான். மிதித்துவிட்டு ஒரு திருகு திருகினான். விரல் ஒடிந்த சத்தம் வாசற்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது, "கதவிடுக்குல மாட்டிக்கிச்சு" என்று சொன்னது நான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதற்குப் பிறகு நாலு நாள்தான் இந்த வீட்டில் இருந்தாய்.

நீ போன பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பினான். பத்து நாளில் என் அறைக் கதவு சாத்த வராமல் முட்டியது. கூரையில் பூச்சு உதிர்ந்து தலையணையில் கிடந்தது. மேலே போய்ப் பார்த்தேன். தொட்டி விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு முனையில் இரண்டு விரல் இடைவெளி, மறு முனையில் தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவனிடம் சொன்னேன். "அவ போயிட்டா, இப்ப நீ இன்ஜினியரா?" என்று கேட்டுக்கொண்டே என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். அதுதான் முதல் தடவை என்று எழுத வந்தேன். பொய் எதற்கு? அது முதல் தடவை இல்லை. நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவனுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது அதை உன் வீட்டில் நான் சொல்லவில்லை.

மறுநாளே உன் ஆபீஸுக்கு நடந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜினியர் வந்தார். என் அறையில் ஏணி போட்டு ஏறி, பூச்சைத் தட்டி, சுவருக்குள் போகிற இடத்தில் உத்திரத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். வெண்ணெயில் இறங்குவது போலப் பிடி வரைக்கும் இறங்கியது. ஈரம் ஏறி உளுத்துப்போயிருந்தது. "இந்த ரூமுக்குள்ள இனிமே கால் வைக்காதீங்கம்மா" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு, மாடிக்குப் போய் அவனிடம் இப்போதே தண்ணீரை இறைக்கச் சொன்னார்.

"என் வீடு, என் மீனு, நீ யார்றா" என்றான். ஸ்டாண்டு செய்ததில் மிச்சமான இரும்புக் குழாய் மூலையில் கிடந்தது. அதை எடுத்து அவர் நெற்றியில் அடித்தான். கண்ணை மறைக்கிற அளவுக்கு ரத்தம். அந்த மனிதர் ஓடவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு தொட்டியில் போய் இடித்தார்கள். காலடியில் மடமடவென்று முறிகிற சத்தம் வந்தது. இன்ஜினியர் கதவுப் பக்கம் பாய்ந்தார், பின்னாலேயே ஏறி வந்து வாசற்படியில் நின்ற நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். தொட்டியோடு கீழே போன என் மகனை இழுக்க இன்னொரு கை இல்லை. இருந்திருந்தால் இழுத்திருப்பேனா என்று தினமும் யோசிக்கிறேன்.

ஓடிக் கீழே வந்தபோது அறை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி, பலகை. மீன்கள் என் மெத்தையில் துள்ளிக்கொண்டிருந்தன. அவன் தொடையில் ஒரு முழ நீளக் கண்ணாடி ஏறியிருந்தது. போர்வையைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். வலியில் என் கையைக் கடித்தான், விடாமல் கட்டினேன். பெற்றவள், வேறென்ன செய்வேன்? அந்தக் கால் இனி மடங்காது என்கிறார்கள். இன்ஜினியருக்கு ஒன்பது தையல்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து நினைவு வந்ததும் அவன் போலீஸிடம் சொன்ன முதல் வார்த்தை, நீதான் போவதற்கு முன் உத்திரத்தை அறுத்துவைத்தாய் என்று. உன்னைத் தேடுவதாகவும் இருந்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போனேன். உளுத்த துண்டைப் பையில் எடுத்துப்போய் மேஜையில் வைத்தேன். நீ எச்சரித்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் விரல் கதவிடுக்கில் மாட்டவில்லை, மிதித்து ஒடித்தான், நான் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பொய் சொன்னேன் என்று அதையும் எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டிலும் சொல்வேன்.

இப்போது அவன் அழுகிறான். மருமகளைக் கூப்பிடு, அவள் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்கிறான். திருந்திவிட்டான் என்று சொந்தக்காரர்கள் உன்னிடம் தூது வருவார்கள். நேற்று கஞ்சி ஆறிப்போயிருந்தது என்று கிண்ணத்தை என் முகத்தில் எறிந்தான். படுத்துக்கொண்டே குறி தப்பவில்லை.

நீ வராதே. அவன் செத்துப்போகிறான் என்று சொன்னாலும் வராதே. நான் செத்துப்போனேன் என்று சொன்னாலும் வராதே. இதற்குப் பிறகு என் கையெழுத்தில் 'வாம்மா' என்று ஒரு கடிதம் வந்தால், யாரோ பக்கத்தில் நின்று எழுதவைத்தது என்று புரிந்துகொண்டு கிழித்துப் போடு. நான் மனதார எழுதுகிற கடைசிக் கடிதம் இதுதான். எங்கே இருந்தாலும் நல்லா இரும்மா.

இப்படிக்கு,
உன் அத்தை