நீ ஒட்டி அனுப்பிய கூந்தல்

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். சம்பிரதாயத்துக்கு இவ்வளவு போதும், உன் மேல் எனக்கு அடங்காத கோபம்.

ஸ்டுடியோவில் எனக்குக் கல்யாண ஆல்பம் வேலை தலைக்கு மேல் கிடந்ததால், மொட்டைமாடியில் எடுத்த நம் குடும்பப் படத்தில் பின்னால் தெரியும் கம்பியை மட்டும் எடுத்துக் கொடு என்று உனக்கு அனுப்பினேன். உன் அக்கா தலைக்கு முடி வைக்கச் சொல்லி யார் கேட்டது? கீமோ முடிந்து இப்போதுதான் விரற்கடை அளவு முளைத்திருக்கிறது, வீட்டுக்குள்கூடத் தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தவள் அன்றைக்குத் தானாகவே அவிழ்த்துப் போட்டுவிட்டு, எடும்மா, இப்படியே எடு என்று நின்றாள். உன் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தார். நீயோ அவளுடைய பழைய படத்திலிருந்து கூந்தலை வெட்டி ஒட்டிவிட்டாய். வேலையில் குறை சொல்ல முடியாது, நானும் அதே தொழிலில்தான் குப்பை கொட்டுகிறேன். படத்தின் மேல் நீ போர்த்திய கூந்தல் லேயரைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன், முடியைப் பிரித்தெடுத்த மாஸ்க்கின் ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் இழை இழையாகத் தீட்டி, காதோரம் வெளிச்சம் கசியும் இடத்தைக்கூட நீ விடவில்லை. அவ்வளவு நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதிலிருந்த சிரிப்பு கண்ணில் படவில்லையா?

உன் லேயரை அணைத்தால் அடியில் அவள் அப்படியேதான் இருக்கிறாள், எனக்கு ஒரு நொடி வேலை. ஆனால் அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ரொம்ப அழகா பண்ணியிருக்கான்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் துணியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வந்தாள், இன்னும் அவிழ்க்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப இருந்தவள் இப்போது இன்னும் ஒரு மாசம் போகட்டும் என்கிறாள். அன்பில் செய்தேன் என்பாய், எனக்குத் தெரியாதா. ஆனால் அவள் படுத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நீ முகம் பார்த்துப் பேசவில்லை, கேட்டால் இணைப்பு சரியில்லை என்கிறாய், நீ திருத்திக் கொடுக்கும் ஊரார் படமெல்லாம் அதே இணைப்பில்தானே வந்து போகிறது. நேற்று துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்க அவனுக்குப் பயமாம்மா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ.

கண்ணா, எங்கிருந்தாலும் நன்றாக இரு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, கேமராவைப் போட்டுக்கொண்டு கூப்பிடு. அவள் துணியை அவிழ்த்தால் கண்ணை வேறு பக்கம் திருப்பாதே.

கோபம் தீராத உன்
அம்மா