பனிக்குப் போட்ட மஞ்சள் விளக்கு

நம் மகன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நசுக்கியாயிற்று. முன்பக்கம், பம்பரின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு பிளாஸ்டிக்கால் மூடிய வட்டக் குழிகள் இருந்தன. "இது கீழ் மாடல்மா. பனி லைட்டு வராது, தனியா வாங்கி மாட்டிக்கணும்" என்றான். குனிந்து அந்தக் குழியில் விரலை வைத்துப் பார்த்தேன். உங்கள் ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும் வந்தது. நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை.

எழுபதுகளின் கடைசி. மலையடிவாரத்துச் சந்தவாசலில் வாடகைக் கார் என்றால் உங்கள் பழைய கறுப்பு அம்பாசிடர்தான். புளி வியாபாரிகளை ஏற்றிக்கொண்டு காலையில் மலைமேல் ஜமுனாமரத்தூருக்குப் போவீர்கள், பொழுது சாய இறங்கி வருவீர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் இது மாறிவிடும். மறுநாள்தான் வருவீர்கள். கேட்டால் ஒரே பதில்: "பனி மூடிக்கிச்சுமே. முன்னாடி ஒண்ணும் தெரியல. அங்கயே தங்கிட்டேன்."

அங்கேயே என்றால் எங்கே? மேலே டீக்கடை வைத்திருந்தாளே, அவள் கடையில். புருஷனைப் பறிகொடுத்தவள், என் வயசுதான். "இஞ்சி தட்டிப் போடுவா, தொண்டைக்கு இதமா இருக்கும்" என்று ஒருநாள் நீங்களே வாய்தவறிச் சொன்னீர்கள். அன்றிலிருந்து நம் வீட்டு டீயிலும் இஞ்சி விழுந்தது. நீங்கள் எப்போதும்போலக் குடித்தீர்கள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஊரில் மற்ற பெண்கள் மழை வருமா என்று மலையைப் பார்ப்பார்கள். நான் பனி இறங்குகிறதா என்று பார்ப்பேன். உச்சியில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் போதும், அன்றைக்குக் குழம்பில் உப்பு தவறிவிடும்.

வேலூரில் லாரிகளுக்குப் பனியில் ஓட்ட மஞ்சள் விளக்கு மாட்டுகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். அன்று சாயங்காலமே உங்களைப் பிடித்தேன். "பொங்கலுக்கு எனக்குப் புடவை வேணாம். வண்டிக்கு அந்த லைட்டப் போடுங்க."

"பேட்டரி தாங்காதுமே."

"பேட்டரி தாங்கும். உங்களுக்குத்தான் தாங்கல."

நீங்கள் தயங்கத் தயங்க என் சந்தேகம் வலுத்தது. விளக்கு மாட்ட வேலூருக்குப் போன அன்று நானும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பெரிய விளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்வையாக இருக்கும் என்று நீங்கள் சொன்னதற்கு, எலக்ட்ரீஷியன் தலையாட்டினார். "அழகுக்குன்னா மேல வைக்கலாம் சார். பனிக்குன்னா கீழதான். மேல வச்சா வெளிச்சம் பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பி வரும்." பம்பருக்குக் கீழே, தரையைப் பார்த்தபடி மாட்டினார். ஸ்டியரிங் பக்கத்தில் தனி சுவிட்ச். நானே போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்தேன்.

"இனிமே பனின்னு சொல்ல முடியாது" என்றேன்.

"முடியாது தாயே" என்று கும்பிட்டீர்கள்.

பகலில் கல் தெறித்துக் கண்ணாடி உடையாமலிருக்க, காக்கித் துணியில் இரண்டு உறை தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் என் பெயரின் முதலெழுத்து. வண்டி அந்த டீக்கடை முன்னால் நிற்கும்போது, படிக்கவேண்டியவள் படித்துக்கொள்ளட்டும்.

ஆனால் நடந்தது, யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. பனியிலும் ஓடும் கார் உங்களுடையது ஒன்றுதான் என்று மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. பஸ் நின்றுவிடும், ஜீப் நின்றுவிடும், உங்களைத் தேடி ஆள் வரும். பிரசவம், பாம்புக்கடி, பெண்ணழைப்பு. சாப்பிட உட்காருவதற்குள் மறுபடி ஏறுவீர்கள். முன்பு பனி பெய்தால்தான் நீங்கள் வரமாட்டீர்கள். இப்போது வந்தும் வீட்டில் இல்லை.

ஒரு மார்கழி சாயங்காலம் வண்டி நம் வாசலில் நின்றது. பின் சீட்டில் ஒரு வயசான அம்மா மூச்சுத் திணறிப் படுத்திருந்தாள். முன் சீட்டில் அவளுடைய மகள். நீங்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, டீக்கடைக்காரி. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. "அக்கா, அம்மாவுக்குக் கொஞ்சம் சுடுதண்ணி" என்றாள். கொடுத்தேன். அழகாக இருந்தாள். அந்தக் கவலையிலும் அவள் சொன்னாள்: "ரோட்டோரக் கல்லு ஒவ்வொண்ணா மஞ்சளா எழும்பி வந்துச்சுக்கா. சாமி வழி காட்டற மாதிரி."

என் புடவைக் காசில் வந்த விளக்கு. அதன் வெளிச்சத்தை அவள் சொல்லி நான் கேட்கவேண்டியிருந்தது.

நீங்கள் திரும்பி வந்ததும் கேட்டேன். "என்னியும் ஒரு தபா பனியில கூட்டினு போங்க."

"மாட்டேன்."

"அவள மட்டும் முன் சீட்டுல?"

"அவங்க சவாரிமே. நீ பக்கத்துல இருந்தா எனக்குக் கை நடுங்கும்."

நான் நம்பவில்லை. நீங்களும் கடைசிவரை கூட்டிப்போகவில்லை.

உங்கள் காரியத்துக்கு அவள் வந்திருந்தாள். தோட்டத்துப் பக்கம் தனியாக அழைத்து நேராகவே கேட்டேன், விளக்கு மாட்டுவதற்கு முன்னால், பனி நாளில் நீங்கள் எங்கே படுப்பீர்கள் என்று. "வண்டியிலதாங்கா. கம்பளி குடுத்தா வாங்கிக்குவாரு. உள்ள வந்து படுங்கன்னு கூப்ட்டாலும் வரமாட்டாரு" என்றாள். வேறொருத்தியாக இருந்தால் மனம் நிறைந்து அழுதிருப்பாள். எனக்கு ஒன்றுதான் காதில் விழுந்தது. அப்படியானால் கூப்பிட்டிருக்கிறாள்!

அவள் இன்னும் ஒன்று சொன்னாள். "உறையில இருக்கற எழுத்து யாருதுன்னு கேட்டேங்கா. 'எங்க வூட்டு போலீசு'ன்னாரு. சொல்லிட்டு அப்பிடி ஒரு சிரிப்பு." அப்போதுதான் அழுதேன். அந்தச் சிரிப்பையும் அவளிடம்தானே சிரித்தீர்கள் என்ற கோபத்தோடு அழுதேன்.

பிறகு பல நாள் யோசித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் அடிவாரத்து வளைவில் வந்து நிற்பேனே, நினைவிருக்கிறதா? மலை பாதிக்குமேல் தெரியாது. அந்த வெள்ளையின் அடியில், தரையோடு தரையாக, இரண்டு மஞ்சள் பொட்டு மட்டும் முதலில் வரும். பிறகுதான் வண்டி வரும், நீங்கள் வருவீர்கள். என்னைக் கண்டதும் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவீர்கள். உங்களோடு ஏறியவர்கள் எல்லாரும் அந்த விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து ரோட்டைத்தான் பார்த்தார்கள், அவளும்தான். எதிரில் நின்று பார்த்தவள் நான் ஒருத்தி. அதில் யாருக்கும் பங்கு கிடையாது.

மகனிடம் சொல்லிவிட்டேன்: "மஞ்சளா வாங்கு. கீழ மாட்டு." மாட்டியதும் பனியில் மலைக்கு அழைத்துப் போகிறானாம், முன் சீட்டு எனக்குத்தானாம். போவேன். ஆனால் வரும்போது அடிவாரத்து வளைவில் என்னை இறக்கிவிட்டு, திரும்ப மேலே போய்விட்டு வரச் சொல்லப்போகிறேன். நான் அங்கேயே நிற்பேன்.