பதினொரு கொத்து, ஒரே ஆறு

சின்னமனூர்
7.4.2008

மேகமலைக்காரருக்கு,

நலம். நீங்களும் நலந்தானே? என்னைக் கேட்காமல் நீங்கள் எஸ்டேட் வேலையை ஒப்புக்கொண்ட கோபம் அப்படியேதான் இருக்கிறது. எட்டு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன் அல்லவா? இது சமாதானக் கடிதம் இல்லை.

ஒரு மாத இதழில் புதுவகைச் சுடோகு கேட்டிருக்கிறார்கள். வரைந்துவிட்டேன், இத்துடன் இருக்கிறது! ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தில் பதினொரு திராட்சைக் கொத்து. கொத்துக்கு ஐந்து பழம், எண் திரும்ப வரக்கூடாது, கூட்டினால் இருபத்தைந்து. நடுவே முல்லையாறு, அதன் ஒன்பது கட்டத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக வர வேண்டும். முன்கூட்டி ஓர் எண்கூடத் தரவில்லை. ஒரே விடைதானா என்று போட்டுப் பாருங்கள். இந்தப் பித்து உங்களுக்குத்தான் உண்டு. கடைசித் தேதி முப்பது.

பவானி

மேகமலை
12.4.2008

அன்புள்ள பவானிக்கு,

விடை வந்துவிட்டது! ஆற்றின் உச்சியில் ஒன்பது, அடியில் ஒன்று. அதற்குப்பின் கொத்துகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. நான் போட்ட சத்தத்தில் ஜீப் டிரைவர் சுருளியாண்டி, லாட்டரி விழுந்ததா என்று ஓடிவந்தார். விடை இத்துடன்.

கோபம் நியாயந்தான்.

சசிதரன்

சின்னமனூர்
17.4.2008

மேகமலைக்காரருக்கு,

தலை சுற்றுகிறது. என் விடை வேறு! உங்கள் எண் ஒவ்வொன்றையும் பத்திலிருந்து கழித்தால் என்னுடையது. இரண்டுமே சரி!

எனக்கு ஆற்றின் தலையில் ஒன்று. அப்பா வயலுக்கு ஏழாம் மடைத் தண்ணீர். மடையை மேலிருந்துதானே எண்ணுவோம்? நீங்கள் மலையில் உட்கார்ந்து உயரத்தை எண்ணியிருக்கிறீர்கள். இரண்டு விடை என்றால் குப்பைக்கூடைதான்.

அம்மா வேறு, "அவுக கணக்கு மட்டுந்தேன் எழுதுனாகளா?" என்று கேட்கிறாள்.

பவானி

மேகமலை
21.4.2008

அன்புள்ள பவானிக்கு,

உச்சியில் ஒன்பது என்று விதியில் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன். ஒன்றா, ஒன்பதா, நீ சொல்.

வேலை விஷயத்திலும் இப்படிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. சின்னமனூரில் எங்கள் எஸ்டேட் குடோனில் ஒரு வேலையிடம் காலியாக இருக்கிறது. எழுதிக் கேட்கவா? நீ சொல்லாமல் கேட்க மாட்டேன்.

சசிதரன்

சின்னமனூர்
24.4.2008

அன்புள்ள உங்களுக்கு,

தபாலுக்குப் பொறுமை இல்லை. ஜீப்பில் இங்கே வந்திருக்கும் சுருளியாண்டி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஆற்றின் தலையில் ஒன்று. விதியில் சேர்த்துவிட்டேன், இனி ஒரே விடை. குடோன் இடத்தையும் கேளுங்கள்.

இதழுக்கு அனுப்பும் படிவத்தில் இருவர் பெயரையும் எழுதிவிட்டேன், உங்களைக் கேட்காமலே. முகவரிக்கு ஓரிடந்தான் விட்டிருக்கிறார்கள். அம்மா வீட்டை எழுத மனமில்லை, எஸ்டேட்டையும் எழுத மனமில்லை. வாய்க்கால் தெருவில் இரண்டு அறை வீடு ஒன்று காலியாக இருக்கிறதாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். இருவருக்கும் பிடித்தால் அந்த முகவரியை நீங்களே எழுதுங்கள்.

உங்கள்
பவானி