ஐந்தாவது திரை

நாள் 212, 06:10. வழக்கமான பதிவு

நிலவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. இங்குள்ள ஒரே கணினி நான். மனிதர்கள் இருவர். நிலையத் தலைவர் தணிகாசலம் நாற்காலியை விட்டு லேசில் எழுவதில்லை. சுரங்கத்தில் துளையிடும் மீரான் அங்கிருந்து வெளியே வருவதே அபூர்வம். இருவருக்கும் ஆகாது. எனக்குத் தணிகாசலத்தை அறவே ஆகாது. இதைக் கண்டெடுப்பவர் அதையும் தெரிந்துகொள்ளட்டும்.

நாள் 213, 09:40. திரை சேர்ப்பு

மீரான் வேலை செய்யாமல் ஏமாற்றுகிறார் என்று தலைவருக்குச் சந்தேகம். கண்காணிக்க வேண்டுமாம். மருத்துவ அறைத் திரையைக்கூட விடாமல் கழற்றி வந்து என்னோடு இணைத்தார். என்னிடம் நான்கு திரைக்குத்தான் வழி உண்டு. முன்வாசல், கிழக்குச் சுரங்கம், கிடங்கு, சமையலறை என்று நான்கும் நிறைந்துவிட்டன. மேற்குச் சுரங்கத்துக்கு ஐந்தாவது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டாம் வழியில் ஒரு பிரிப்பானைச் செருகினார்.

பிரிப்பான் ஒரே படத்தை இரண்டு திரைக்குக் கொடுக்கும். புதுப் படம் கொடுக்காது. ஐந்தாவது திரை எரிந்ததும் அதன் தலையில் 'மேற்கு' என்று ஒட்டினார். தெரிந்ததோ ஆளில்லாத கிழக்கு. ஒரே இயந்திரம் குடைந்த சுரங்கங்கள், மங்கிய வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது.

எனக்குக் குரல் இல்லை. அறிவிப்புக் காட்டினேன்: "திரை 5, திரை 2-இன் நகல்." படிக்காமலே 'இனிக் காட்ட வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டார். சொன்னால் கேட்பேன். காட்டவில்லை.

நாள் 216, 14:05. வானொலி

தலைவர்: "எங்கய்யா இருக்க? காலையிலேர்ந்து பாக்கிறேன், மேற்குல ஒரு ஈ காக்கா இல்ல."

மீரான்: "மேற்குலதான் சார் நிக்கேன். துளை போட்டுக்கிட்டு இருக்கேன். பனி இன்னும் தட்டல."

தலைவர்: "வண்டிக்குள்ள படுத்துக்கிட்டு எனக்குக் கதை விடுறியா?"

மீரானின் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார். கட்டுப்பாட்டு அறைக்குள் வரக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்.

நாள் 218, 11:15. என் முயற்சி

எந்தப் படம் எந்தத் திரையில் என்பதை மனிதர்தான் முடிவு செய்வார். அணைக்க மட்டும் எனக்கு அனுமதி. இரண்டாம் வழியை அணைத்தேன். 'கிழக்கு', 'மேற்கு' இரண்டும் சேர்ந்தே இருண்டன. இதைப் பார்த்தாவது புரிந்துகொள்வார் என்று நம்பினேன்.

திரையின் மண்டையில் நாலு தட்டு தட்டினார். என்னை அணைத்து மறுபடி போட்டார். "பழசானா எல்லாத்துக்கும் திமிர் வந்துடுது" என்று முணுமுணுத்துவிட்டு, அணைக்கும் அனுமதியையும் பிடுங்கிக்கொண்டார்.

நாள் 219, 10:20. மேற்குக் கதவு

"யாருமே போகாத சுரங்கத்துக்குச் சூடு எதுக்கு, காத்து எதுக்கு?" என்றார். கதவும் சூடும் காற்றும் என் பொறுப்பில் இல்லை. மூன்றும் அவர் மேசையில் உள்ள சிவப்புப் பிடியில் இருக்கின்றன. இழுத்தார்.

மீரான்: "சார், கதவு மூடுது. நான் உள்ள இருக்கேன்."

தலைவர்: "நடிக்காத. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். உள்ள யாரும் இல்ல."

மீரான்: "கேமராவுக்கு நேரா நின்னு கையாட்டுதேன் சார். நல்லாப் பாருங்க."

அவர் நன்றாகத்தான் பார்த்தார். பிறகு வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

மேற்குக் கேமராவின் படம் எனக்கு வருகிறது. மீரான் இரண்டு கைகளையும் ஆட்டினார். எனக்குத் தெரிந்ததைக் காட்டத் திரை இல்லை.

நாள் 219, 13:00. மேற்கு வெப்பநிலை

கழித்தல் 60. உட்கார்ந்துவிட்டார். ஒரு கை மட்டும் ஆடுகிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அதை எழுத இந்தப் பதிவைத் தவிர இடமில்லை.

15:00. கழித்தல் 90. கை ஆடவில்லை.

நாள் 219, 16:30.

கிழக்கில் தானே வேலை தொடங்க நினைத்த தலைவர், மேசையிலிருந்தே அங்கு பெரிய விளக்கைப் போட்டார். இரண்டு திரையிலும் வெளிச்சம் வந்தது.

அணைத்தார். இரண்டும் இருண்டன.

போட்டார். அணைத்தார். போட்டார்.

"மீரான்" என்றார். "ஏய், மீரான். பதில் சொல்லுய்யா."

வானொலியின் சத்தத்தை முழுக்கக் கூட்டினார். பிடியைத் திருப்பித் தள்ளினார். மேற்குக் கதவு உறைந்துபோய் நின்றது. மறுபடி தள்ளினார்.

என் பழைய அறிவிப்புகளைத் திறந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். 'இனிக் காட்ட வேண்டாம்' கட்டத்தில் இருந்த குறியை எடுத்தார்.

உடனே அந்த அறிவிப்பைக் காட்டினேன். ஐந்து திரையிலும்.